டாக்ஸி ஓட்டுபவர் எந்தச் செலவையெல்லாம் வரியில் கழிக்கலாம்? வடசென்னை ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, மணலி பக்கம் சொந்தமாகவோ டியூ கட்டியோ மஞ்சள் போர்டு வண்டி ஓட்டுபவர்களுக்காக எழுதியது இது. ஆப்பில் ஓட்டினாலும் டிராவல்ஸில் வண்டியை அட்டாச் செய்திருந்தாலும், தெரிந்தவர்கள் போனில் கூப்பிட்டுப் போகிற சவாரியாக இருந்தாலும் விதி ஒன்றுதான். சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது.

இங்கே சொல்கிற வரம்புகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை ஓட்டிய கணக்கு. அதுவரைக்கும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறுகின்றன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்கள்தான் புழங்குவதால் இங்கேயும் அவற்றையே வைத்திருக்கிறேன்.

12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே, அண்ணே. அப்புறம் எதற்குச் செலவுக் கணக்கு?

பாதி சரி. புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் கணக்குப்படி வரி வந்தாலும், நிகர வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவரை தள்ளுபடி கொடுத்து அதைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். ஒரே வண்டி ஓட்டுகிற ஒருவர் எல்லாச் செலவும் போக 12 லட்சம் பார்ப்பது அபூர்வம். ஆகவே பெரும்பாலானோருக்குக் கடைசியில் வரி பூஜ்யம்தான்.

ஆனால் வரி இல்லை என்பது வேறு, ரிட்டர்ன் (ஆண்டு வருமானக் கணக்குப் படிவம்) போட வேண்டாம் என்பது வேறு. நிகர வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்யமானாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

இன்னொன்று. வரி எப்படியும் பூஜ்யம் என்றால், செலவை ஊதிப் பெருக்கி வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதில் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபமும் இல்லை. ஆண்டுக்கு 70 ஆயிரம் லாபம் என்று எழுதினாலும் வரி பூஜ்யம், 5 லட்சம் என்று எழுதினாலும் பூஜ்யம். ஆனால் அடுத்த வண்டிக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அவர்கள் கேட்பது கடந்த இரண்டு, மூன்று வருட ரிட்டர்னைத்தான். அதில் 70 ஆயிரம் என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்தத் தொகையில் கொருக்குப்பேட்டையில் வருஷ வீட்டு வாடகைகூடக் கட்ட முடியாது என்று வங்கி மேலாளருக்கும் தெரியும். எனவே உண்மையான செலவு எவ்வளவோ அதை எழுதுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கணக்குக் காட்ட எத்தனை வழி இருக்கிறது?

இரண்டு.

முதலாவது அனுமான வழி, பிரிவு 44ஏடி. மொத்த வசூலில் குறைந்தது இத்தனை சதவீதம் லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். ரொக்கமாக வந்த பணத்தில் 8 சதவீதம், வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வந்ததில் 6 சதவீதம். பில், கணக்குப் புத்தகம், தணிக்கை எதுவும் வேண்டாம். ஆண்டு வசூல் 2 கோடி வரை இந்த வழியில் போகலாம். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த வரம்பைப் பற்றிய கவலையே தேவையில்லை.

இரண்டாவது அசல் கணக்கு வழி. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதி, மிச்சத்தை லாபமாகக் காட்டுவது. டீசல், டயர், இன்சூரன்ஸ், தேய்மானம் (வண்டி பழசாகி ஆண்டுதோறும் குறைகிற மதிப்பு) என்று செலவைக் கழிப்பது இந்த வழியில்தான்.

இரண்டையும் கலக்க முடியாது. 44ஏடியில் 6 சதவீதம் காட்டிவிட்டு, அதற்குள்ளே டீசலையும் வட்டியையும் தனியாகக் கழிக்கச் சொல்லி வருபவர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் உண்டு. மீதி 94 சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டது என்பதுதான் அந்தப் பிரிவின் அர்த்தம். தேய்மானமும் அதிலே அடக்கம்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். எது லாபம்?

ஒரு மாதிரிக் கணக்கு. வண்டி விலை 8 லட்சம், 2025 ஏப்ரலில் வாங்கியது. மாதம் 90,000 வீதம் ஆண்டு வசூல் 10,80,000. அதில் ஆப், யுபிஐ வழியாக வந்தது 8,00,000. கையில் ரொக்கமாக வந்தது 2,80,000.

44ஏடி வழியில்: 8 லட்சத்தில் 6 சதவீதம் 48,000, 2.8 லட்சத்தில் 8 சதவீதம் 22,400. மொத்தம் 70,400.

அசல் கணக்கில்: எரிபொருள் 3,60,000, ஆப் கமிஷன் 1,40,000, சர்வீஸும் டயரும் 60,000, இன்சூரன்ஸ் 45,000, சுங்கமும் பார்க்கிங்கும் 30,000, கடன் வட்டி 75,000, எஃப்சி (தகுதிச் சான்று), பெர்மிட், சாலை வரி 15,000, போன் 5,000. கூட்டினால் 7,30,000. வசூலில் இதைக் கழித்தால் மிச்சம் 3,50,000. அதிலிருந்து வண்டித் தேய்மானம் 2,40,000ஐயும் கழித்தால் லாபம் 1,10,000.

இரண்டிலும் வரி இல்லை. ஆனால் 70,400 என்பது சட்டம் வைத்திருக்கிற குறைந்தபட்சம் மட்டுமே. கையில் நின்றது அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே காட்டலாம், காட்ட வேண்டியதும் அதைத்தான். என்னைக் கேட்டால், ஒற்றை வண்டிக்காரர் 44ஏடியில் போய், தன் நோட்டில் உள்ள உண்மையான லாபத்தை அந்தக் கட்டத்தில் எழுதுவது நல்லது. தலைவலி குறைவு, வங்கியில் மரியாதையும் கிடைக்கும்.

அசல் கணக்கு வழி யாருக்கு? செலவு போக உண்மையிலேயே 6, 8 சதவீதம்கூட நிற்காதவர்களுக்கு. புது வண்டி வாங்கிய வருஷம், விபத்தில் வண்டி மாதக்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நின்ற வருஷம், இரண்டு மூன்று வண்டி விட்டு ஆள் வைத்து ஓட்டுவது போன்றவை. நஷ்டமானால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டு அந்த நஷ்டத்தை 8 வருஷம் வரை முன்னெடுத்துச் செல்லலாம். 44ஏடியில் நஷ்டம் என்ற பேச்சே கிடையாது.

ஒரு வருஷம் அப்படி, ஒரு வருஷம் இப்படி என்று மாறலாமா?

44ஏடியில் நுழைந்தால் ஐந்து வருஷம் தொடர்ந்து அதில் இருக்க வேண்டும். நடுவில் வெளியே வந்து குறைந்த லாபம் காட்டினால், அடுத்த ஐந்து வருஷம் அதற்குள் திரும்ப முடியாது. அந்தக் காலத்தில் வருமானம் அடிப்படை விலக்கு வரம்பை (புதிய முறையில் மேலே சொன்ன 4 லட்சம்) தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். தணிக்கைக்கு ஆடிட்டர் வாங்குகிற கட்டணத்தை நினைத்தால், அவசரப்பட்டு வெளியே வரத் தோன்றாது.

எது வசூல்? ஆப் என் கணக்கில் போட்ட பணம் மட்டும்தானே?

இல்லை. பயணி கொடுத்த முழுக் கட்டணம்தான் வசூல். பயணி 500 கொடுத்து, ஆப் 100 பிடித்துக்கொண்டு உங்களுக்கு 400 அனுப்பியது என்றால், வசூல் 500, கமிஷன் 100 செலவு. ஆப் நிறுவனம் வரித்துறைக்குத் தெரிவிப்பது முழுத் தொகையை. உங்களைப் பற்றி வரித்துறைக்கு வந்த தகவலெல்லாம் இருக்கிற ஏஐஎஸ் அறிக்கையில் பெரிய எண்ணும் ரிட்டர்னில் சின்ன எண்ணும் இருந்தால் கணினியே கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். இன்சென்டிவ், போனஸ், பயணி கொடுத்த டிப்ஸ் எல்லாமே வசூல்தான்.

கமிஷன் இல்லாமல் தினசரி சந்தா வாங்குகிற ஆப்கள் இப்போது வந்திருக்கின்றன. அங்கே சந்தா உங்கள் செலவு.

ஆப்பில் வந்த சவாரியானாலும் பயணி கையில் காசாகக் கொடுத்தால் அது ரொக்கம், 8 சதவீதக் கணக்கு. தெருமுனைச் சவாரியானாலும் ஜிபேயில் போட்டால் 6 சதவீதக் கணக்கு. சவாரி எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததல்ல, பணம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது.

அசல் கணக்கு வழியில் எந்தெந்தச் செலவைக் கழிக்கலாம்?

சட்டத்தின் அளவுகோல் எளிது: தொழிலுக்காக மட்டுமே செய்த செலவு. அதன்படி பெட்ரோல், டீசல், சிஎன்ஜி, ஆயில், சர்வீஸ், டயர், பேட்டரி, பஞ்சர், வாட்டர் வாஷ், வண்டி இன்சூரன்ஸ், எஃப்சி கட்டணம், பெர்மிட், சாலை வரி, சுங்கம், பார்க்கிங், ஆப் கமிஷன், காக்கிச் சட்டை, வண்டிக் கடன் வட்டி, ரிட்டர்ன் போட ஆடிட்டருக்குக் கொடுத்த கட்டணம் எல்லாம் செல்லும். போன் பில்லில் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுங்கள். புது போன் வாங்கினால் முழு விலையையும் ஒரே வருஷம் கழிக்க முடியாது, தேய்மானமாகத்தான் கழியும். சிஎன்ஜி கிட் போட்டாலும் அப்படித்தான். அது வண்டியின் விலையோடு சேரும்.

சுங்கத்துக்கு வேலையே இல்லை. சூரப்பட்டு, வானகரம், நல்லூர் எங்கே கடந்தாலும் ஃபாஸ்டேக் கணக்கில் தேதியோடு விழுந்திருக்கும். ஆண்டு முடிந்ததும் அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால் போதும். பயணியிடம் சுங்கத்தை வாங்கியிருந்தால் அந்தப் பணத்தையும் வசூலில் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு உதைக்கும்.

பங்க் சிட்டைதான் பிரச்சினை. டேஷ்போர்டு மேல் வெயிலில் கிடந்தால் இரண்டே மாதத்தில் எழுத்து அழிந்து வெள்ளைக் காகிதமாகிவிடும். மார்ச் முடிந்து பை நிறைய வெற்றுச் சிட்டையைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் உண்டு. எரிபொருள் போட்ட உடனே, ஓடோமீட்டர் எண்ணையும் சிட்டையையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போனில் எடுத்துவிடுங்கள். யுபிஐயில் கட்டினால் இரட்டைச் சாட்சி.

டியூ முழுவதையும் செலவாகக் காட்டலாமா?

கூடாது. டியூவில் இரண்டு பாகம் இருக்கிறது. வட்டி மட்டும்தான் செலவு. அசல், நீங்கள் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. அதற்குப் பதிலாகத்தான் வண்டி விலையில் தேய்மானம் கழிக்கிறீர்கள். மாதம் 16,000 டியூ கட்டினால் ஆரம்பத்தில் வட்டி கனமாகவும் போகப் போக மெலிந்தும் இருக்கும். ஃபைனான்ஸ் கம்பெனியில் ஆண்டு வட்டிச் சான்றிதழ் கேட்டால் கொடுப்பார்கள், அதில் இருக்கிற எண்ணைத்தான் எழுத வேண்டும்.

தேய்மானம் எவ்வளவு?

சாதாரண காருக்கு 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டுகிற டாக்ஸிக்கு 30 சதவீதம். இது தெரியாமல் 15 போட்டு அனுப்பிவிடுகிறவர்கள் நிறைய, ஆடிட்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் மிச்ச மதிப்பின் மேல் கணக்கு. 8 லட்சத்துக்கு முதல் வருஷம் 2,40,000. மிச்சம் 5,60,000, அதில் இரண்டாம் வருஷம் 1,68,000. மிச்சம் 3,92,000, அதில் மூன்றாம் வருஷம் 1,17,600. வண்டியை அக்டோபர் முதல் வாரத்துக்கு மேல் வாங்கி, அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் முதல் வருஷம் பாதிதான், 15 சதவீதம். தீபாவளிக்கு வண்டி எடுப்பது நம் ஊர் வழக்கம், அது எப்போதும் இந்தப் பாதிக்குள்தான் விழும்.

ஓர் எச்சரிக்கை. பழைய வண்டியைக் கைக்காசு கொடுத்து வாங்கினால், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை வண்டியின் விலையில் சேராது, தேய்மானமும் கிடைக்காது. மூன்று லட்சத்துக்கு வாங்கி முழுவதையும் நோட்டாகக் கொடுத்தவர்களுக்கு வரிக் கணக்கில் அந்த வண்டியின் விலை பூஜ்யம். வங்கி வழியாகக் கொடுங்கள்.

தண்டல் (தினம் தினம் வசூலிக்கிற தனியார் கடன்) வாங்கி வண்டிக்குப் போட்டேன். அந்த வட்டியைக் கழிக்கலாமா?

தொழிலுக்கு வாங்கிய கடனின் வட்டி கழியும் என்பது விதி. தண்டல்காரர் கொடுப்பது ஓர் அட்டை, அதில் தினம் கையெழுத்து. எது அசல், எது வட்டி என்று அதில் இருக்காது. முன்பணமாக வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பணமே தருவார்கள். அதிகாரி கேட்டால் காட்ட ஒன்றும் இல்லாத செலவு அது.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதற்கான அபராதம் கடன் வாங்கியவர் தலையில், வாங்கிய தொகைக்குச் சமமாக விழும். 50,000 தண்டலைக் கணக்கில் எழுதி வட்டி கேட்கப் போனால், நாமே வலியப் போய் மாட்டிக்கொள்வோம்.

வங்கி நகைக் கடன் அப்படியல்ல. வீட்டுக்காரம்மாவின் நகையானாலும் கடன் உங்கள் பெயரில் இருந்து, அந்தப் பணம் உங்கள் கணக்கில் வந்து, அங்கிருந்து ஷோரூமுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ போனது தெரிந்தால், அந்த வட்டி நல்ல செலவு. அதே கடனில் பாதியைக் கல்யாணச் செலவுக்கு எடுத்திருந்தால் பாதி வட்டிதான் செல்லும்.

பில்லே இல்லாத செலவுக்கு என்ன செய்வது? புதுப்பேட்டையில் பில் எங்கே கொடுக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் வாங்கினால் கையில் சாமான்தான் வரும். மூலக்கடை ஓரம் பஞ்சர் போடுகிறவரும் ரசீது எழுத மாட்டார்.

பில் இல்லை என்பதற்காகச் செலவு பொய்யாகிவிடாது. ஆனால் அதை நிரூபிக்கிற பொறுப்பு உங்களுடையது. ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று எழுதி, முடிந்தால் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். யுபிஐயில் கொடுத்தால் அதன் குறிப்பில் "வண்டி கண்ணாடி" என்று இரண்டு சொல் அடித்துவிடுங்கள், மூன்று வருஷம் கழித்து நோட்டீஸ் வந்தால் அந்த இரண்டு சொல் உதவும். சின்னத் தொகையாக, வசூலுக்குப் பொருத்தமாக இருக்கும்வரை வவுச்சரை யாரும் பெரிதாகக் கிளறுவதில்லை. மாத வசூல் 90,000 உள்ளவர் பஞ்சருக்கு மாதம் 9,000 என்று எழுதினால் யாருக்கும் சிரிப்பு வரும்.

ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு முழுவதையும் கழிக்க விடமாட்டார்கள். என்ஜின் வேலைக்கு 35,000 கேட்கிற மெக்கானிக்கிடம் யுபிஐ எண்ணைக் கேளுங்கள்.

இதே வண்டியில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறேன், ஊருக்கும் போகிறேன்.

அந்தப் பங்கைக் கழித்துவிட வேண்டும். ஏப்ரல் 1 காலையில் ஓடோமீட்டரைப் படம் எடுங்கள், அடுத்த மார்ச் 31 இரவில் இன்னொரு படம். ஆண்டுக்கு 48,000 கிலோமீட்டர் ஓடி, அதில் சொந்த ஓட்டம் 2,400 என்றால் பங்கு 5 சதவீதம். எரிபொருள், சர்வீஸ், இன்சூரன்ஸ், வட்டி, தேய்மானம் எல்லாவற்றிலும் 5 சதவீதத்தைக் கழித்து மீதியை எழுதலாம்.

காலி ஓட்டத்தைச் சொந்த ஓட்டம் என்று நினைக்க வேண்டாம். எண்ணூரிலிருந்து கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் ஆளை இறக்கிவிட்டு, சவாரி கிடைக்காமல் ஊரைக் கடந்து காலியாகத் திரும்புகிறீர்களே, அதுவும் தொழில் ஓட்டம்தான். ஆப் காட்டுகிற கிலோமீட்டரில் இது வராது. அதனால்தான் ஆப் அறிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எரிபொருள் அதிகமாகவும் ஓட்டம் குறைவாகவும் தெரியும். வண்டியில் ஒரு நோட்டு இருந்தால், அன்றன்றைக்குத் தொடக்க எண், முடிவு எண், ரொக்க வசூல் என்று ஒரு வரி போதும்.

கிலோமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று ஒட்டுமொத்தமாகக் கழிக்கிற வசதி சில வெளிநாடுகளில் உண்டு. இங்கே டாக்ஸி தொழிலுக்கு அப்படி ஒன்று கிடையாது.

எதைக் கழிக்கவே முடியாது?

போக்குவரத்து அபராதம். சட்டத்தை மீறியதற்கான தண்டனையைத் தொழில் செலவாக ஏற்க மாட்டார்கள், அது நோ பார்க்கிங் அபராதமானாலும் சரி. மாமூலும் அப்படியே: கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எழுத முடியாத செலவு. தினசரி டீ, டிபன், மதியச் சாப்பாடு உங்கள் சொந்தச் செலவு. வெளியூர்ச் சவாரியில் இரவு தங்கியதற்கு லாட்ஜ் பில் இருந்தால் அது செல்லும். சீட்டுப் பணம், எல்ஐசி பிரீமியம், வீட்டு வாடகை எதுவும் தொழில் செலவு ஆகாது.

மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கி என்ஜின் போய்விட்டது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் பலருக்கு இது நடந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு மழைக்காலம் முழுவதும் இந்தப் பயம் உண்டு. பழுதுபார்த்த செலவு கழியும். இன்சூரன்ஸ் கொடுத்தது போக உங்கள் கையிலிருந்து போன தொகை மட்டும்தான். 60,000 பில்லில் இன்சூரன்ஸ் 42,000 கொடுத்தால் உங்கள் செலவு 18,000.

நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டால் என்ஜினுக்கான காப்பீடு கிடைப்பது கஷ்டம். இது வரி விஷயமில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றியது.

ஆக்டிங் டிரைவருக்குக் கொடுக்கிற பேட்டா?

செலவுதான். வவுச்சரில் அவர் பெயர், தேதி, கையெழுத்து வேண்டும். மகனோ தம்பியோ ஓட்டினால் நியாயமான தொகை மட்டும் எழுதுங்கள். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட மிக அதிகமாகச் சொந்தக்காரருக்குக் கொடுத்தால் மிகுதியை வெட்டும் அதிகாரம் அதிகாரிக்கு உண்டு.

ஆர்சி மனைவி பெயரில் இருக்கிறது. வெள்ளை போர்டு வண்டியை ஓட்டுகிறேன்.

இரண்டு தனிக் கேள்விகள். தேய்மானம் உரிமையாளருக்கு என்பது பொது விதி. கடன், டியூ, வண்டி எல்லாம் உங்கள் பணம் என்று காட்ட முடிந்தாலும் கேள்வி வரும். தொழில் யார் பெயரிலோ வண்டியும் அவர் பெயரில் இருப்பது நல்லது.

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். வந்த பணத்துக்கு வரி உண்டு, செலவைக் கழிக்கப் போனால் சிக்கலும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்.

ஆப்பில் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கிற வரி) பிடிக்கிறார்கள். திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், ரிட்டர்ன் போட்டால். பிரிவு 194ஓ படி ஆப் நிறுவனம் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம் பிடிக்கிறது, அதற்கு முன் 1 சதவீதம். பான் கொடுத்திருந்து ஆண்டுத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் பிடிக்க வேண்டியதில்லை. 8 லட்சத்துக்கு 0.1 சதவீதம் என்பது வெறும் 800 ரூபாய். ஆனால் பான் கொடுக்காவிட்டால் 5 சதவீதம், அதாவது 40,000. பான், ஆதார் இணைப்பை இன்றைக்கே சரிபாருங்கள்.

டிராவல்ஸ் வழியாகக் கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்குகிறவர்களுக்குப் பொதுவாக 1 சதவீதம் பிடிப்பார்கள். பிடித்தது உங்கள் 26ஏஎஸ்ஸில் (பிடித்த வரியைக் காட்டுகிற வரித்துறை அறிக்கை) ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் டிராவல்ஸ் முதலாளியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

ஆப் வழியாக வருகிற சவாரிக்கு ஜிஎஸ்டி கட்டுகிற பொறுப்பைச் சட்டம் ஆப் நிறுவனத்தின் மேல் வைத்திருக்கிறது. அதை மட்டும் ஓட்டுகிறவருக்குப் பதிவு தேவையில்லை. தனியாகச் சவாரி எடுப்பவருக்கு ஆண்டு 20 லட்சம் வரம்பு.

நான் குட்டி யானை ஓட்டுகிறேன். இதே கணக்குதானா?

இல்லை. சரக்கு வண்டிக்கு 44ஏஇ. வசூல் எவ்வளவானாலும் ஒரு வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் குறைந்தபட்ச லாபம், ஆண்டுக்கு 90,000. ஒரு மாதத்தில் சில நாளே வண்டி உங்களிடம் இருந்தாலும் முழு மாதமாக எடுத்துக்கொள்வார்கள். 12 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000. துறைமுகத்துக்கு டிரெய்லர் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 40 டன் வண்டி ஒன்றுக்கே மாதம் 40,000 லாபம் என்று சட்டம் வைத்துக்கொள்ளும், எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் வரிசையில் இரண்டு நாள் நின்றதையெல்லாம் அது பார்க்காது.

வண்டியை விற்றால் வரி வருமா?

வரலாம். மேலே சொன்ன 8 லட்சம் வண்டியின் கணக்கு மதிப்பு மூன்று வருஷத்தில் 2,74,400 ஆகிவிடும். நான்காம் வருஷம் 4 லட்சத்துக்கு விற்றால் 1,25,600 குறுகிய கால ஆதாயம், அது அந்த வருஷ வருமானத்தோடு சேரும். அதே நிதியாண்டில் வேறு டாக்ஸி வாங்கிவிட்டால் அதன் விலை இந்தக் கணக்கில் ஏறி, ஆதாயம் அப்போதைக்குத் தள்ளிப்போகும்.

44ஏடியில் இருந்தவர்கள், தேய்மானமே கழிக்கவில்லையே, மதிப்பு இன்னும் 8 லட்சம்தானே என்று வாதாடுவார்கள். செல்லாது. அந்த வருஷங்களிலும் தேய்மானம் கழித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

எந்தப் படிவம்? தாமதமானால்?

44ஏடி, 44ஏஇ என்றால் ஐடிஆர்-4. அசல் கணக்கு என்றால் ஐடிஆர்-3. வண்டி விற்ற ஆதாயம் இருக்கிற வருஷமும் ஐடிஆர்-3தான். கெடு தேதியைச் சில வருஷம் நீட்டிக்கிறார்கள், வருமான வரி போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் வருமானம் 5 லட்சம் வரை 1,000, அதற்கு மேல் 5,000 தாமதக் கட்டணம். வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தாமத ரிட்டர்னுக்குக் கடைசி நாளான டிசம்பர் 31ஐயும் தவறவிட்டால் பிறகு புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம், ஆனால் அதில் டிடிஎஸ் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

சிட்டைகள், வவுச்சர், ஃபாஸ்டேக் அறிக்கை, வட்டிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஏழெட்டு வருஷம் வைத்திருங்கள். வீட்டில் எலித் தொல்லை, மழைத் தண்ணீர் இருந்தால் போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என இரண்டு இடத்தில் பிரதி போட்டுக்கொள்ளுங்கள்.